அங்கே ஏன் போனாள்?

நெய்வேலி நகரியத்தில் மலை கிடையாது. நிலக்கரிக்காகத் தோண்டிய மேல்மண்ணைக் கொட்டிக் கொட்டி உயர்ந்த மண்மேடுகள்தான் இங்கே வளரும் பிள்ளைகளுக்கு மலை. அவற்றின் மேலும் யாரும் ஏற முடியாது. அது சுரங்க எல்லை. அதனால்தானோ என்னவோ, எங்கள் ஊர்ப் பெண்களுக்கு மலை என்றால் தனி ஆசை.

2018 ஜனவரியில் முதுகலை மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். தோழிகள் மூன்று பேரோடு மலையேற்றம் போக வேண்டும், துணைக்கு ஒரு பெரியவர் இருந்தால் வீட்டில் விடுவார்கள். "நீங்க வர்றீங்கன்னு சொன்னா எங்கப்பா ஒத்துக்குவாரும்மா" என்றாள். விடைத்தாள் திருத்தும் வேலை இருக்கிறது என்று சொல்லி மறுத்துவிட்டேன். உண்மையில் எனக்குப் பயம். அவளை நம்பி நான் போவதா, என்னை நம்பி அவள் வருவதா, ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது?

அதே ஆண்டு மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை, தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ மூண்டது. இரண்டொரு நாள் கழித்துக் கடைத்தெருவில் அந்தப் பெண்ணின் அப்பா என்னைப் பார்த்தார். "நல்ல வேளை மேடம், நீங்க அன்னைக்கு வேணாம்னு சொன்னீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகவே இருந்தது. அன்று இரவு வீட்டில் பேச்சு குரங்கணியைப் பற்றித் திரும்பியபோது உறவினர் ஒருவர் கேட்டார்: "பொம்பளப் புள்ளைங்களுக்கு அங்க என்ன வேலை?" எனக்குச் சுருக்கென்றது. நான் மாணவிக்குச் சொன்ன 'விடைத்தாள்' பதிலுக்கும் இந்தக் கேள்விக்கும் எவ்வளவு தூரம்?

அந்தக் கேள்வியின் வரலாற்றைத் தேடிப் போனதில் எழுந்தது இந்தக் கட்டுரை.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். சென்னையிலிருந்து மகளிர் தினத்தையொட்டி ஒரு குழு, ஈரோடு, திருப்பூர்ப் பகுதியிலிருந்து இன்னொரு குழு. சென்னைக் குழுவில் பெரும்பாலோர் பெண்கள். சனிக்கிழமை குரங்கணியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறி, இரவு அங்கே தங்கி, ஞாயிறன்று இறங்கி வரும்போது பிற்பகலில் தீ சூழ்ந்துகொண்டது. மார்ச் மாதம், மலை முழுக்கக் காய்ந்த புல். தீ சமவெளியில் ஓடுவதைவிடச் சரிவில் மேல்நோக்கி வேகமாக ஓடும். கீழே எரியும் தழல், மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கி உலர்த்திவிடுகிறது. புகையைக் கண்டு மேல்நோக்கி ஓடும் மனிதர்கள் அந்த வேகத்தோடு போட்டியிட்டு வெல்ல முடியாது. சிதறி ஓடியவர்கள் பள்ளங்களில் விழுந்தார்கள். அங்கேயே இறந்தவர்கள் போக, மதுரை உள்ளிட்ட ஊர்களின் மருத்துவமனைகளில் வாரக்கணக்கில் போராடி இறந்தவர்களையும் சேர்த்து 23 பேர் போனார்கள்.

விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன, கமாண்டோக்கள் வந்தார்கள். ஆனால் இருட்டிலும் சரிவிலும் முதலில் மேலேறிப் போனவர்கள் குரங்கணிக்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும்தான். அவர்களோடு வனத்துறை, தீயணைப்பு, காவல் துறை ஊழியர்கள். கம்பில் போர்வையைக் கட்டி, அதில் காயம்பட்டவர்களைக் கிடத்தித் தோளில் சுமந்து இறக்கினார்கள். அதற்கு அந்த மலையில் பெயர் டோலி.

தீக்காயத்தில் நேரம் என்றால் என்ன என்பதை நாம் புரிந்துகொள்ள வேண்டும். பெரிய தீக்காயம் பட்ட உடலில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருக்கும். அதை ஊசி வழியே ஈடுகட்டாவிட்டால் இரத்த அழுத்தம் விழும், சிறுநீரகம் நிற்கும். எவ்வளவு திரவம் கொடுப்பது என்பதற்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் ஒரு கணக்கு: உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும், எரிந்த ஒவ்வொரு சதவீதத்துக்கும் 4 மில்லி லிட்டர். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 40 சதவீதம் எரிந்திருந்தால் முதல் 24 மணி நேரத்தில் 8 லிட்டர். அதில் பாதி, 4 லிட்டர், முதல் 8 மணி நேரத்துக்குள். கவனியுங்கள், இந்த 8 மணி நேரம் மருத்துவமனை வாசலில் தொடங்குவதில்லை, தீப்பட்ட நொடியில் தொடங்குகிறது. பிற்பகலில் எரிந்தவளை நள்ளிரவில் கீழே இறக்கினால் அந்த 8 மணி நேரமும் மலையிலேயே கழிந்துவிடுகிறது. குரங்கணியில் தீ கொன்றது பாதி. மலைக்கும் மருத்துவமனைக்கும் நடுவே இருந்த தூரமும் தன் பங்கைச் செய்தது.

அந்தத் தூரத்துக்கு ஒரு வரலாறு உண்டு. குரங்கணிக்கு மேலே கேரள எல்லையில் டாப் ஸ்டேஷன் என்று ஓர் ஊர். வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் 1902இல் மூணாறிலிருந்து அந்த இடத்துக்குத் தேயிலை கொண்டுவரத் தண்டவாளம் போட்டார்கள். அங்கிருந்து ஏறத்தாழ 5 கிலோமீட்டர் கம்பிவடப் பாதை, மலைக்குக் கீழே கொட்டகுடி வரைக்கும். அதற்குப் பெயர் பாட்டம் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் மாட்டு வண்டியில் போடிநாயக்கனூருக்குப் போயின, பிறகு கப்பலேறின. 1924 பெருவெள்ளம் அந்த ரயில் பாதையை அழித்தது. நான் நிறுத்திப் பார்ப்பது இந்த இடத்தில்தான். அந்த மலையிலிருந்து ஒரு பொருளை விரைவாக, சேதமில்லாமல் இறக்க வேண்டும் என்ற யோசனை நூறு ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்கிறது, வழியும் செய்யப்பட்டிருக்கிறது. அது தேயிலைக்காக. அந்தத் தேயிலையைப் பறித்த பெண்ணுக்குப் பிரசவ வலி வந்தால் டோலிதான்.

டோலி முதலில் யாரைச் சுமந்தது என்று பார்த்தால் இன்னொரு கதை வருகிறது. மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் தங்கள் குடும்பங்களைப் பலிகொடுத்துச் சோர்ந்து, 1845இல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். நம் மலைகளில் 'ஓய்வுக்குப் போவது' என்ற பழக்கம் ஒரு மருத்துவத் தேவையாகத்தான் தொடங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் சாலை வரும் வரை அந்தக் குடும்பத்துப் பெண்களும் குழந்தைகளும் நோயாளிகளும் பெரியகுளம் பக்கத்திலிருந்து மனிதத் தோளில்தான் மேலே போனார்கள். சுமந்தவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை.

அதே மலைத்தொடரில் பெரியகுளத்துக்கு அருகே கும்பக்கரையிலிருந்து ஏறினால் வெள்ளகவி என்ற ஊர் வரும். கொடைக்கானல் பிறப்பதற்கு முன்பே இருந்த ஊர். ஆனால் கொடைக்கானலுக்குச் சாலை வந்து நூறு ஆண்டாகியும் வெள்ளகவிக்கு வண்டி போகும் சாலை இல்லாமலே காலம் கழிந்தது. வலி வந்த பெண்களையும் பாம்பு கடித்தவர்களையும் டோலியில்தான் கொண்டுபோனார்கள். இன்று கும்பக்கரை, வெள்ளகவி, வட்டக்கானல் தடம் மலையேறுவோரிடையே பெயர் பெற்ற ஒன்று. பாதை கரடுமுரடாக இருப்பதுதான் அதன் அழகு என்கிறோம். ஒருத்திக்கு வார இறுதிச் சாகசமாக இருக்கும் அதே பாதை இன்னொருத்திக்கு நிறைமாத வயிற்றோடு கம்பில் தொங்கிப் போகும் பாதை. நகரத்துப் பெண்ணுக்கு அவசரம் நேர்ந்த நாளில்தான் அந்தத் தூரம் செய்தியானது. மலைப்பெண்ணுக்கு அது தினசரி.

இதற்கு உலகத்திலும் ஒரு துணை உண்டு. 1959இல் நேபாளத்தில் சோ ஓயு சிகரத்துக்குப் பல நாட்டுப் பெண்கள் 12 பேர் ஒன்றுசேர்ந்து போனார்கள். தலைமை, பிரெஞ்சு மலையேறி குளோத் கோகன். பனிச்சரிவில் அவரும், பெல்ஜியத்தைச் சேர்ந்த குளோதீன் வான் டெர் ஸ்ட்ராட்டனும், உடனிருந்த ஷெர்பா ஆங் நோர்புவும் இறந்தார்கள். அவர்கள் இருந்த முகாமை நோக்கி மேலேறிப்போன இன்னொரு ஷெர்பாவும் பனியில் புதைந்தார். அந்தச் சிகரத்தைப் 'பெண்களைக் கொல்லும் சிகரம்' என்ற பொருளில் தலைப்பிட்டு, உடன் சென்ற ஆண் பத்திரிகையாளர் பின்னாளில் ஒரு புத்தகமே எழுதினார். அதற்கு முன்பு இமயத்தில் இறந்த ஆண்கள் எத்தனையோ பேர். எந்தச் சிகரத்துக்காவது 'ஆண்களைக் கொல்லும் சிகரம்' என்று பெயர் வந்ததா? ஆண் இறந்தால் மலை கொடியது. பெண் இறந்தால் அவள் போனது தவறு. ஷெர்பா இறந்தால் அது கணக்கிலேயே வராது.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன். நெய்வேலியில் தீ என்பது எங்களுக்குத் தூரத்துச் செய்தி இல்லை. தரைக்கடியில் கிடப்பதே எரியும் பொருள். அதை எரித்துத்தான் ஊர் பிழைக்கிறது. 2020 மே 7ஆம் தேதி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்து. இரண்டே மாதத்தில், ஜூலை 1 அன்று, அதே நிலையத்தில் இன்னொன்று. ஜூலையில் 6 பேர் உடனே இறந்தார்கள். காயம்பட்டவர்களைச் சென்னைக்கு அனுப்பினார்கள். அவர்களிலும் பலர் திரும்பவில்லை. ஊரே வாசலில் நின்றது. அந்த நாட்களில் நகரியத்தில் நான் எத்தனையோ கேள்விகள் கேட்டேன், கேட்கக் கேட்டேன்: பராமரிப்பு சரியாக நடந்ததா, பாதுகாப்பு விதி என்ன ஆயிற்று, குடும்பத்துக்கு வேலை உண்டா, இழப்பீடு எவ்வளவு. எல்லாம் நியாயமான கேள்விகள். "அந்த மனுஷன் கொதிகலன் பக்கம் ஏன் போனான்?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடித்திருப்பார்கள்.

அடுப்படித் தீயையும் சேர்த்துப் பார்ப்போம். தமிழ்நாட்டில் என் வயதுப் பெண்களுக்கு 'ஸ்டவ் வெடித்து' என்ற சொற்றொடர் நன்றாகத் தெரியும். நாங்கள் சிறுமிகளாக இருந்தபோது வாரத்துக்கு ஒரு முறையாவது பத்திரிகையின் மூலையில் அது இருக்கும். வெடித்ததா, ஊற்றிக் கொளுத்தினார்களா, தானே கொளுத்திக்கொண்டாளா என்பது வேறு கதை. 2001ஆம் ஆண்டைப் பற்றி 2009இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்று, இந்தியாவில் அந்த ஓராண்டில் தீயால் இறந்தவர்கள் 1,63,000க்கும் மேல் என்று மதிப்பிட்டது. அவர்களில் ஏறத்தாழ 1,06,000 பேர் பெண்கள். அந்தப் பெண்களில் பெரும்பாலோர் 15 முதல் 34 வயதுக்குள் இருந்தவர்கள். குரங்கணியில் இறந்த பெண்களின் வயதும் ஏறக்குறைய அதுதான்.

ஒரு லட்சம் பெண்கள் வீட்டுக்குள் எரிந்தபோது யாரும் "அவள் அடுப்படிக்கு ஏன் போனாள்?" என்று கேட்கவில்லை. பெண்களை இனிச் சமையலறைக்குள் விடக்கூடாது என்று எந்தத் தகப்பனும் சொல்லவில்லை. ஆண் வேலையில் எரிந்தால் கடமை. பெண் வீட்டில் எரிந்தால் விதி. பெண் மலையில் எரிந்தால் மட்டும் குற்றம், அதுவும் அவளுடைய குற்றம். மலையில் அவளுக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு உண்மையான பொருள், வேலை இல்லாத இடத்துக்குப் பெண் போகலாமா என்பதுதான். விறகுக்குப் போகலாம், தேயிலைக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம். சும்மா, பார்க்க, நடக்க, மூச்சுவாங்க நின்று சிரிக்கப் போகக்கூடாது.

தமிழ் கற்பிக்கிறவளுக்கு இது இன்னும் வேடிக்கையாகத் தெரிகிறது. குறிஞ்சித் திணையின் நிலமே மலை. அங்கே தினைப்புனம் காத்தவள் பெண். பாலைத் திணையில் உடன்போக்குச் சென்ற பெண் வெயில் கொளுத்தும் காட்டு வழியில் நடக்கிறாள். வீட்டில் இருக்கும் தாய் அவள் பாதங்களை நினைத்துக் கலங்குகிறாள். ஈராயிரம் ஆண்டுகளாகத் தாயின் அந்தக் கலக்கத்தை நாம் பாடமாக நடத்துகிறோம். தாயின் கவலை பொய்யில்லை. ஆனால் அந்தக் கவலை பூட்டாக மாறும் இடத்தை நாம் வகுப்பில் பேசுவதில்லை. 2018 ஜனவரியில் நானும் அந்தத் தாயாகத்தான் பூட்டுப் போட்டேன்.

அதற்காக ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் இறந்த 23 பேருக்கும் அது துரோகம். குரங்கணிக்குப் பிறகு அதுல்ய மிஸ்ரா தலைமையில் அரசு விசாரணை நடந்தது. அனுமதி எந்தப் பாதைக்கு வாங்கப்பட்டது, எந்தப் பாதையில் போனார்கள், தீக்காலத்தில் ஏன் மலை திறந்திருந்தது, கூட வந்தவர்களுக்கு என்ன பயிற்சி என்ற கேள்விகள் எழுந்தன. அதே ஆண்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசே 40 தடங்களை அறிவித்து, இணையத்தில் பதிவு, உள்ளூர் மலைமக்களிலிருந்து பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் என்று ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. தேனி மாவட்டத்தில் குரங்கணியும் அந்தப் பட்டியலில் உண்டு. இவை சரியான கேள்விகளிலிருந்து பிறந்தவை. "ஏன் போனாள்?" என்ற கேள்வியிலிருந்து ஒரு முதலுதவிப் பெட்டிகூடப் பிறக்காது.

பெண்ணுக்கென்று தனி ஆபத்துகளும் உண்டு. அவற்றை நாம்தான் வெளிப்படையாகப் பேச வேண்டும். ஒதுங்க இடமில்லை என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் நடப்பவள் வெயிலில் மயங்குவாள், பிறகு சிறுநீர்த் தொற்றில் துன்பப்படுவாள். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. நூறு பெண்கள் மலையேறினால் பாதிக்கு மேல் இரத்தம் குறைவான உடலோடுதான் ஏறுகிறார்கள். மூச்சு வாங்கினால் "எனக்குப் பழக்கமில்லை" என்று வெட்கப்பட்டு நிற்காமல் நடக்கிறார்கள். மாதவிலக்கு வந்ததைத் தலைவனாக வரும் பையனிடம் சொல்ல முடியாமல் சமாளிக்கிறார்கள். இவை ஒன்றும் பெண் உடலின் பலவீனமில்லை. பெண் உடலைப் பற்றிப் பேசக் கூசும் ஏற்பாட்டின் பலவீனம்.

குரங்கணிக்கு மறு ஆண்டு நான் முதலுதவிப் பயிற்சிக்குப் போனேன். கவிதை எழுதுகிறவளுக்கு இது என்ன வேலை என்று கணவர் கேலி செய்தார். அங்கே கற்றதில் சிலவற்றை இங்கே எழுதுகிறேன், அடுப்படிக்கும் ஆகும். தீக்காயத்தின் மேல் ஓடும் குளிர்ந்த நீரை 20 நிமிடம் விட வேண்டும். பனிக்கட்டி, பற்பசை, மாவு, மை எதுவும் கூடாது. வளையல், மோதிரம், கொலுசு, இடுப்புக் கயிறு எல்லாவற்றையும் வீங்குவதற்குள் கழற்ற வேண்டும். தோலோடு ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. பிறகு சுத்தமான துணியால் மூடி, உடல் குளிர்ந்துவிடாமல் போர்த்த வேண்டும். செயற்கை இழைத் துணி உருகித் தோலில் ஒட்டும். தீ அபாயம் உள்ள இடத்துக்குப் பருத்திதான் நல்லது. புல்காட்டில் தீ வந்தால் மேட்டை நோக்கி ஓடாமல், புல் இல்லாத பாறைக்கோ, ஏற்கெனவே எரிந்து கறுத்து அடங்கிய இடத்துக்கோ போக வேண்டும். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதோ கீறுவதோ கூடாது; கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். தூக்கத்தான் வேண்டும், நடக்கவிடக் கூடாது. மறுபடியும் டோலிதான்.

அதனால் மலையேறும் பெண்களாகிய நாம் கேட்க வேண்டிய பெரிய கேள்வி டோலியைப் பற்றியது. 108 வண்டி 2008 முதல் தமிழ்நாட்டில் ஓடுகிறது. எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. ஆனால் அது சாலை முடியும் இடத்தில் நிற்கும். கைபேசிக் கோபுரம் இல்லாத இடத்தில் அதைக் கூப்பிடவும் முடியாது. சாலைக்கு மேலே இருக்கும் ஊர்களில் பயிற்சி பெற்ற செவிலி, நல்ல தூக்குப் படுக்கை, ஊசி வழித் திரவம், தகவல் சொல்ல ஒரு கருவி இவையெல்லாம் வேண்டும் என்று கேட்டால், அது சுற்றுலாவுக்கான சலுகை ஆகாது. அது முதலில் வெள்ளகவி போன்ற ஊர்களின் கர்ப்பிணிக்குக் கிடைக்க வேண்டியது. அவளுக்குக் கிடைத்துவிட்டால், வருஷத்துக்கு ஒரு நாள் அந்த வழியே போகும் நமக்கும் தானாகக் கிடைக்கும். அவளுக்குக் கிடைக்காதவரை நமக்கு எந்த அனுமதிச் சீட்டும் காப்பாகாது. குரங்கணியில் நம் பெண்களைச் சுமந்தவர்கள் வழக்கமாகத் தங்கள் வீட்டுப் பெண்களைச் சுமந்து பழகிய தோள்காரர்கள். அந்தப் பழக்கம் அவர்களுக்கு எப்படி வந்தது என்று கேட்காமல் நன்றி மட்டும் சொல்லிவிட்டு வருவது நியாயமில்லை.

இந்த ஆண்டு டிசம்பரில் வேறு மாணவிகள், வேறு மலை. பெற்றோர் கடிதத்தோடு வந்து நின்றார்கள். இந்த முறை நான் விடைத்தாளைக் காரணம் காட்டவில்லை. கடிதத்தின் பின்பக்கத்தில் நான்கு கேள்விகள் எழுதிக் கொடுத்து, பதிலோடு வரச் சொன்னேன். அந்தத் தடத்துக்கு, அந்தத் தேதிக்கு, எழுத்தில் அனுமதி இருக்கிறதா? அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையம் எது, அங்கே போய்ச் சேர எத்தனை மணி நேரம்? உங்களில் யாருக்கு இரத்தசோகை, ஆஸ்துமா, வலிப்பு, யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்? மலையில் உங்களுக்கு வழிகாட்ட வருபவரின் பெயர் என்ன?

மூன்று நாளில் பதில் வந்தது. நான்காவது கேள்விக்கு ஒரு பெண்ணின் பெயர் எழுதியிருந்தது, அந்த மலைக்காரர். கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே, உடன் வருபவர் என்ற இடத்தில் என் பெயரையும் எழுதினேன்.